பாட்டுக்குப் பெயர் எழுதினவர்கள்: பீற்ஸ் கையேட்டை முன்வைத்து

கணினியில் பாட்டுச் சேர்த்து வைத்திருக்கிற எவருக்கும் 'ட்ராக் 01', 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்' என்ற பெயர்கள் பழக்கமானவை. பாட்டு இருக்கும், கேட்கவும் முடியும். ஆனால் யார் பாடினது, எந்த வருடம், எந்தத் தொகுப்பு என்று ஒன்றும் தெரியாது. நூறு பாட்டு என்றால் ஞாபகத்தில் வைத்துச் சமாளிக்கலாம். பத்தாயிரம் என்றால் அது தொகுப்பு இல்லை, வெறும் குவியல்.

இந்தக் குவியலை ஒழுங்குபடுத்தவென்று எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள்களில் ஒன்று பீற்ஸ். அதைப் பற்றி இணையத்தில் கனக்க எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது என்னவெல்லாம் செய்யும் என்பதைப் பற்றி. நாங்கள் இங்கே பேச விரும்புவது அதன் கையேட்டைப் பற்றி. ஒரு மென்பொருளின் கையேட்டுக்கு என்ன பெரிய வரலாறு இருக்கப்போகிறது என்று கேட்கலாம். இசையை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களின் கதையை முதலில் இருந்து பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே கேள்விதான் வருகிறது: பாட்டைப் பற்றிய சொற்களை யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள், எழுதினது கடைசியில் யாருக்குச் சொந்தமாகியது? கையேடும் அந்தச் சொற்களில் ஒரு பகுதிதான்.

பெயரில்லாத இறுவட்டு

1982 இல் இசை இறுவட்டு விற்பனைக்கு வந்தபோது அதில் ஒலி இருந்தது, பாட்டுகளின் பெயர் இருக்கவில்லை. பெயர் அட்டையில் அச்சாகியிருந்தது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. இறுவட்டைக் கணினிக்குள் போட்ட பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. கணினிக்கு அட்டை தெரியாது.

1993 அளவில் ரீ கான் என்பவர் யுனிக்ஸ் கணினிகளுக்கு எக்ஸ்எம்சிடி என்ற இறுவட்டு இயக்கியை எழுதினார். அவரும் ஸ்ரீவ் ஷேர்ஃபும் சேர்ந்து கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு இறுவட்டிலும் பாட்டுகள் தொடங்கும் நேரங்கள் வேறுபடும். அந்த நேரங்களைக் கூட்டிக் கழித்து ஒரு எண்ணை எடுத்தால் அதையே இறுவட்டின் அடையாளமாகப் பாவிக்கலாம். அந்த எண்ணுக்கு நேரே பாட்டுகளின் பெயரை ஒருவர் ஒருதரம் எழுதி வைத்தால் போதும், மற்ற எல்லாருக்கும் அது உதவும். உலகெங்கும் இருந்த ஆக்கள் தங்களிடம் இருந்த இறுவட்டுகளின் அட்டைகளைப் பார்த்துத் தட்டச்சுச் செய்து அனுப்பினார்கள். பிறகு அது இணையத்தில் இயங்கும் தரவுத்தளமாக வளர்ந்தது. சி.டி.டி.பி என்பது அதன் பெயர். எழுதினவர்கள் யாரும் காசு வாங்கவில்லை.

1998 இல் அந்தத் தரவுத்தளம் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2000 இல் கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. 2001 இல் உரிமம் பெறாத மென்பொருள்களுக்குக் கதவு மூடப்பட்டது. 2008 இல் சோனி 260 மில்லியன் அமெரிக்க டொலருக்கு அதை வாங்கியது. தாங்கள் இரவிரவாகத் தட்டச்சுச் செய்தது எல்லாருக்கும் பொதுவாகவே இருக்கும் என்று நம்பினவர்கள் கைவிடப்பட்டார்கள். 'கூட்டாக எழுதுகிறோம்' என்ற நல்லெண்ணம் மட்டும் போதாது, என்ன நிபந்தனையில் எழுதுகிறோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்குக் கனபேருக்கு உறைத்தது.

அந்தக் கோபத்தில் இருந்து இரண்டு முயற்சிகள் பிறந்தன. ஒன்று ஃப்ரீடிபி. சி.டி.டி.பியின் பழைய பொதுத் தரவை எடுத்துக்கொண்டு அதே முறையில் தொடர்ந்து, 2020 இல் மூடப்பட்டது. அதில் எந்த இறுவட்டையும் 11 வகைகளில் ஒன்றுக்குள்தான் வைக்கலாம்: புளூஸ், ஜாஸ், கன்ட்ரி, ரெகே, ரொக் என்று போகும் அந்தப் பட்டியல். ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் பதிய வருகிறவர் 'ஃபோக்' என்பதா, 'கிளாசிக்கல்' என்பதா, இல்லாட்டி 'மிஸ்ஸலேனியஸ்' என்பதா என்று யோசிக்க வேண்டியதுதான். மற்ற முயற்சி மியூசிக்பிரெயின்ஸ். அதற்கு வரமுதல், பாட்டுக் கோப்புக்கு உள்ளேயே இருக்கும் பெட்டியைப் பார்த்துவிடுவோம்.

128 பைற்றுக்குள் யாழ்ப்பாணம்

எம்.பி.3 கோப்புகள் பரவத் தொடங்கியபோது அவற்றிலும் பெயர் எழுத இடம் இருக்கவில்லை. 1996 இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் வாலில் 128 பைற் அளவான ஒரு சின்னப் பெட்டியைச் சேர்க்கும் முறையை உருவாக்கினார். ஐ.டி.3 என்பது அதன் பெயர். தலைப்புக்கு 30 பைற், கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு ஒன்று, மிச்சம் 3 பைற் பெட்டியின் அடையாளத்துக்கு. அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைற். 30 எழுத்து என்றால் அநேகமான பாட்டுத் தலைப்புக்கு ஓரளவு காணும். தமிழை இன்றைய யு.டி.எஃப்-8 முறையில் எழுதும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைற் தேவை. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: 11 குறியீடுகள், 33 பைற். பெட்டியில் இருப்பது 30. கடைசிப் புள்ளி வெளியே விழுந்து 'யாழ்ப்பாணம' என்றுதான் அதற்குள் நிற்கும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்ற தவில் மேதையின் பெயரில் ஊர்ப் பெயர்கூட முழுதாக உள்ளே போகாது. அவருடைய பெயர் வெளியே நிற்கும்.

இசைவகைக்கு ஒதுக்கின அந்த ஒரு பைற்றின் கதையும் இதுதான். முதல் பட்டியலில் 80 வகைகள் எண்ணிடப்பட்டிருந்தன. அதில் பொல்கா இருந்தது, அசிட் ஜாஸ் இருந்தது, ஆக்களைப் பகிடி பண்ணும் ஒலிப்பதிவுகளுக்கும் ஒரு எண் இருந்தது. கர்நாடக இசை இல்லை, பைலா இல்லை. 'எத்னிக்' என்று ஒன்று இருந்தது. உலகத்தின் பாதி இசை அதற்குள் போகலாம்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. எழுதினவர் தன்னிடம் இருந்த பாட்டுகளை மனதில் வைத்து எழுதினார். 1998 இல் வந்த ஐ.டி.3 இன் இரண்டாம் பதிப்பு அளவுக் கட்டுப்பாட்டை நீக்கியது, யுனிகோட்டுக்கு இடம் கொடுத்தது. 2000 இல் வந்த திருத்தம் யு.டி.எஃப்-8 ஐயும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய கோப்புகள் பழைய பெட்டியோடேயே கைமாறிக்கொண்டிருந்தன. எங்கட பக்கத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து போட்ட தலைப்புகள், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் கும்பலாகத் தெரியும். இன்றைக்கும் பழைய ஒலிநாடாக்களில் இருந்து மாற்றிய கோப்புகளில் அப்படியான தலைப்புகளைக் காணலாம்.

விதிகளும் கையேடுதான்

மியூசிக்பிரெயின்ஸை ரொபேட் கே தொடங்கினார். சி.டி.டி.பி கைமாறியதற்குப் பதிலாகவே அது வந்தது. 2004 இல் இலாப நோக்கற்ற மெற்றாபிரெயின்ஸ் அறக்கட்டளை அதற்குப் பொறுப்பாக அமைக்கப்பட்டது. அதன் அடிப்படைத் தரவு பொதுவுடைமை: யாரும் எடுக்கலாம், யாரும் பூட்டி வைக்க முடியாது. இந்த நிபந்தனை எழுத்தில் இருக்கிறது.

எங்களுக்கு அதில் அதிகம் பிடித்தது அதன் எழுத்து விதிகள். ஒரு பாட்டில் இரண்டு பேர் பாடினால் எப்படிப் பதிவது? விருந்தினராகப் பாடினவரின் பெயர் தலைப்பில் வரவேண்டுமா, கலைஞர் பெயரில் வரவேண்டுமா? ஒரே கலைஞரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டால் என்ன செய்வது? இதற்கெல்லாம் தொண்டர்கள் வருடக்கணக்காக வாதாடி விதி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் செய்யும் மாற்றத்துக்கு மற்றவர்கள் வாக்களிக்கலாம். தெட்சணாமூர்த்தி, தட்சணாமூர்த்தி, தட்சிணாமூர்த்தி என்று யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் வித்தியாசமாக எழுதப்படும் பெயரை, ஒன்றைச் 'சரி' என்று சொல்லி மற்றதை அழிக்காமல், ஒரே ஆளின் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்து வைக்க அங்கே வழி இருக்கிறது.

மன்னிப்போடு ஒரு வழிகாட்டி

பீற்ஸ் 2010 இல் வெளிவந்தது. எழுதியவர் ஏட்ரியன் சம்சன். 2013 ஜனவரியில் 1.0 பதிப்பு வந்தது. பைதனில் எழுதப்பட்டது, கட்டளை வரியில் இயங்குவது. ஒரு கோப்புறையைக் காட்டி 'இம்போர்ட்' என்று சொன்னால் அதில் இருக்கும் பாட்டுகளை மியூசிக்பிரெயின்ஸோடு ஒப்பிட்டு, 'இது இந்தத் தொகுப்பாக இருக்கலாம், இத்தனை சதவீதம் பொருந்துகிறது' என்று சொல்லும். ஏற்றுக்கொண்டால் குறிச்சொற்களைத் திருத்தி, கோப்புக்குப் பெயர் வைத்து, கலைஞர், தொகுப்பு என்று கோப்புறைகளாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரு சின்னத் தரவுத்தளத்தில் பதிந்து வைக்கும்.

இதன் கையேட்டில் தானியங்கிப் பெயரிடல் பற்றிய வழிகாட்டி ஒன்று இருக்கிறது. அது ஒரு மன்னிப்போடு தொடங்குகிறது. இந்த மென்பொருள் தொட்டதற்கெல்லாம் கேள்வி கேட்டு உங்களைக் களைக்கப்பண்ணும், அதற்கு மன்னியுங்கள் என்று எழுதினவரே சொல்கிறார். பிறகு ஓர் ஆறுதலும் சொல்கிறார்: ஒவ்வொரு தொகுப்பாகப் பார்த்துப் போகும்போது உங்களிடம் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவரும்.

குறையை மறைக்காமல் எழுதும் இந்தப் பழக்கம் புதிதல்ல. 1971 நவம்பரில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே கட்டளை விளக்கங்களின் கீழ் 'பிழைகள்' என்று ஒரு பகுதி இருந்தது. இந்தக் கட்டளை இன்ன இடத்தில் சரியாக வேலை செய்யாது என்று அதை எழுதினவர்களே ஒப்புக்கொண்டார்கள். விளம்பரத்துக்கும் கையேட்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பீற்ஸின் கையேடு நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், எளிய உரைக் கோப்புகளாக இருக்கிறது. பைதன் மொழியின் கையேட்டுக்காக 2008 இல் வெளியான ஸ்ஃபின்க்ஸ் என்ற கருவி அவற்றை வலைப்பக்கங்களாக்குகிறது. 2010 இல் தொடங்கிய ரீட் த டொக்ஸ் தளம் அவற்றை இலவசமாக ஏற்றி வைக்கிறது. நிரலில் மாற்றம் கொண்டுவருகிறவர் கையேட்டையும், மாற்றங்களின் பட்டியலையும், சோதனைகளையும் சேர்த்துத் திருத்தினாரா என்று பங்களிப்புப் படிவத்திலேயே கேட்கப்படுகிறது. கையேட்டில் ஒரு வரி திருத்த விரும்புகிறவரும், நிரலைத் திருத்துகிறவர் போகும் அதே வழியால்தான் உள்ளே வருகிறார்.

எங்கே இடிக்கிறது

இவ்வளவு இருந்தும் புதிதாக வருகிறவர்கள் தடக்குப்படுகிறார்கள். இது பீற்ஸுக்கு மட்டும் உரிய குறை அல்ல. கிற்ஹப் 2017 இல் நடத்திய திறந்த மூலக் கருத்துக்கணிப்பில், அரைகுறையான அல்லது குழப்பமான கையேடுகளைக் கண்டிருப்பதாக 93 சதவீதமானோர் சொன்னார்கள். அதே கணிப்பில் பங்களிப்பாளர்களில் 60 சதவீதமானோர் கையேட்டுக்கு எப்போதாவது அல்லது ஒருபோதும் பங்களிப்பதில்லை என்றும் சொன்னார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஓட்டை, அடைக்க ஆள் குறைவு.

காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஒரு மென்பொருளை நன்றாகத் தெரிந்தவருக்கு, அது தெரியாமல் இருந்த காலம் மறந்துபோகும். அவர் எழுதும்போது ஒவ்வொரு அமைப்பையும் அகரவரிசையில் சரியாக விளக்குவார். புதியவருக்கு வேண்டியது அது இல்லை. 'என்னிடம் ஒரு பழைய வன்தட்டு இருக்கிறது, அதில் இருப்பது வேறெங்கும் இல்லாத பாட்டுகள், இதை ஓடவிட்டால் அவற்றுக்கு என்ன நடக்கும்?' என்பதுதான் அவருடைய கேள்வி.

டானியேலே புரொசிடா என்பவர் கையேட்டு எழுத்தை நான்காகப் பிரிக்கிறார்: கைபிடித்துக் கூட்டிப்போகும் பாடம், ஒரு வேலையை முடிக்கச் சொல்லும் செய்முறை, தேடிப் பார்க்கும் உசாத்துணை, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் கலந்தால் எதுவும் உருப்படியாக வராது என்பது அவருடைய வாதம். பீற்ஸில் உசாத்துணைப் பகுதி மிகவும் பலமானது. செருகுநிரல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. பலவற்றைச் சேர்த்துச் செய்யவேண்டிய ஒரு வேலைக்கு, எதை எங்கிருந்து எடுப்பது என்று காட்டும் இடம்தான் குறைவு.

ஓர் உதாரணம் சொல்லலாம். பீற்ஸ் வழக்கமாகக் கோப்புகளைப் புதிய இடத்துக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் குறிச்சொல்லைத் திருத்தும். மூலக் கோப்பு அப்படியே இருக்கும். வன்தட்டில் இடம் போதாத ஒருவர், பிரதி எடுக்காதே என்று ஒரு வரியை அமைப்புக் கோப்பில் மாற்றுகிறார். குறிச்சொல் எழுதுவது என்பது வேறொரு அமைப்பு. அது வழக்கம்போல இயங்கிக்கொண்டே இருக்கும். இப்போது மூலக் கோப்பின் குறிச்சொற்களே மேலெழுதப்படும். இன்னொரு அமைப்பின்படி, 96 சதவீதமோ அதற்கு மேலோ பொருந்தினால் பீற்ஸ் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும். எப்போதும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால் அதற்கும் ஓர் அமைப்பு உண்டு. 'கூச்சம்' என்ற பொருள்பட அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றும் கையேட்டில் ஒளிவு மறைவில்லாமல் இருக்கின்றன. ஆனால் மூன்றையும் ஒன்றாகப் படித்து விளைவை ஊகிக்கும் வேலை புதியவரின் தலையில் விழுகிறது. அப்பாவோ பெரியம்மாவோ கையால் தட்டச்சுச் செய்து வைத்த ஊர்ப் பெயரும் திகதியும் அந்தக் குறிச்சொல்லில் இருந்திருந்தால், போனது போனதுதான்.

இதற்கு வேண்டியது பெரிய நூல் அல்ல. தொடக்க வழிகாட்டியில் ஒரு பத்திப் போதும்: முதலில் ஐந்து பாட்டுள்ள ஒரு கோப்புறையில் செய்து பாருங்கள், பிரதி எடுப்பதை நிறுத்தினால் மூலமே மாறும், மாறக்கூடாத பதிவுகள் என்றால் எழுதுவதையும் நிறுத்துங்கள். யார் எழுதினால் இந்தப் பத்தி நல்லாக வரும்? நேற்று முதன்முதல் நிறுவிப் பார்த்து, எங்கே பயம் வந்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கிற ஒருவர் எழுதினால்.

தரவுத்தளம் அறியாத பாட்டுகள்

பீற்ஸ் போன்ற மென்பொருள் ஓர் எதிர்பார்ப்போடுதான் தொடங்குகிறது: உங்களிடம் இருப்பது எங்கோ வெளியிடப்பட்ட ஒரு தொகுப்பு, அதைப் பற்றி யாரோ ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பவற்றில் எத்தனை அப்படியானவை? கோயில் திருவிழாவில் பதிந்த மேளக்கச்சேரி, ஊர்க் கூத்து, உள்ளூர்ப் பொப் பாடல்களின் ஒலிநாடா, இடப்பெயர்வுகளில் அட்டை தொலைந்து நாடா மட்டும் மிஞ்சியவை. பீற்ஸ் இவற்றைப் பார்த்துப் 'பொருந்துவது ஒன்றும் இல்லை' என்றுதான் சொல்லும். பிறகு தெரிவுகளைத் தரும்: இருக்கிறபடியே எடுத்துக்கொள், தனிப்பாட்டுகளாக எடு, தாண்டிப்போ, வேறு பெயரில் தேடு. தானியங்கிப் பெயரிடலே வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லவும் வழி இருக்கிறது. தொகுப்பு மியூசிக்பிரெயின்ஸில் இல்லாவிட்டால் நீங்களே போய்ச் சேர்க்கலாம் என்று கையேடு நினைவூட்டுகிறது.

அந்தக் கடைசி வரியில்தான் எங்களுக்கு வேலை இருக்கிறது. பாட்டுக்கு யார் பெயர் எழுதுவது என்ற முப்பது வருடக் கேள்வி அதில் எங்களிடமே வந்து நிற்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, எங்களிடம் இருக்கும் வெளியீடுகளை, அட்டையை வடிவாகப் பார்த்து, பாடினவர், தவில் வாசித்தவர், பதிந்த இடம் எல்லாவற்றோடும் மியூசிக்பிரெயின்ஸில் சேர்ப்பது. கலைஞரின் தமிழ்ப் பெயரையும் மாற்று எழுத்துகளையும் பதிந்தால், பீற்ஸில் விரும்பும் மொழியைக் குறிப்பிட்டு அந்தப் பெயரையே வரவழைக்கலாம். இரண்டாவது, எங்களுக்குப் புரியாத இடங்களைக் கையேட்டில் குறித்து, திருத்திய பத்தியை அனுப்புவது. ஆங்கிலம் தடை என்றால் சிக்கலைச் சின்ன வசனங்களில் விவரித்தாலும் போதும். மிச்சத்தை மற்றவர்கள் சேர்ந்து எழுதுவார்கள். மூன்றாவது, தமிழில் ஒரு தொடக்க வழிகாட்டி. முழுக் கையேட்டின் மொழிபெயர்ப்பு அல்ல, அது அடுத்த பதிப்போடு பழசாகிவிடும். ஒலிநாடாவில் இருந்து மாற்றிய, பாமினித் தலைப்புள்ள, அட்டை இல்லாத ஐம்பது கோப்புகளோடு வருகிற ஒருவருக்கு, எதை முதலில் பிரதி எடுப்பது, எந்த அமைப்பைத் தொடாமல் விடுவது, தலைப்பை எப்படி யுனிகோட்டுக்கு மாற்றுவது என்று சொல்கிற பத்துப் பக்கம்.

சி.டி.டி.பிக்கு எழுதினவர்களின் உழைப்பு பூட்டுக்குள் போனது, நிபந்தனை தெளிவாக எழுதப்படாததால். ஐ.டி.3 பெட்டிக்குள் யாழ்ப்பாணம் முழுதாகப் போகவில்லை, அதை வரைந்த இடத்தில் எங்களில் ஒருவரும் இருக்கவில்லை. இன்றைக்கு நிபந்தனை எழுத்தில் இருக்கிறது, கையேடு திருத்தத் திறந்திருக்கிறது. ஒலிநாடாக்களில் யார் பாடினது என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்குத்தான் நேரம் குறைந்துகொண்டு வருகிறது.